‘இங்கிலாந்துத் துவக்கு’ என்று விலை பேசப்படும் பழைய இரட்டைக்குழல்

கற்பிட்டியிலிருந்து முந்தல் வரை எமது கரையோரத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் ஓர் இரட்டைக்குழல் துவக்கு இருக்கிறது. அலுமாரிக்குப் பின்னால், பழைய சாரம் ஒன்றில் சுற்றி வைத்திருப்பார்கள். மூத்தாப்பா காலத்துச் சாமான். வீடு பிரியும்போதும் காணி பிரியும்போதும் அது வெளியே வரும். அதோடு ஒரு வார்த்தையும் வரும்: “இது இங்கிலாந்துத் துவக்கு, லட்சக்கணக்கில் போகும்.”

நாம் பாடசாலையில் வரலாறு படிப்பிப்பதால் விற்க நினைப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் எம்மிடம் வந்து கேட்கிறார்கள், இதன் பெறுமதி என்ன என்று. தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறோம். பதிவு நீளம்தான். ஆனாலும் முற்பணம் கொடுக்குமுன் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

முதலில் அந்தச் சொல். தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பார்கள். நாம் துவக்கு என்கிறோம். சிங்களத்தில் துவக்குவ, மலையாளத்தில் தோக்கு, துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங். எல்லாம் ஒரே குடும்பம். கடல் வழியாக ஆயுதம் வந்தபோது அதன் பெயரும் கூடவே வந்து கரையோர மொழிகளில் ஒட்டிக்கொண்டது. போர்த்துக்கேயர் 1505இல் இந்தத் தீவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்குள் இங்கேயே நல்ல துவக்குகள் செய்யும் கம்மாளர்கள் உருவாகிவிட்டார்கள். அவர்கள் செய்தவற்றை எங்கே கண்டாலும் இனங்காணலாம். ஐரோப்பியத் துவக்கில் தீத்தட்டும் பொறி வலப்பக்கம் இருக்கும். சிங்கள மன்னர் காலத்துத் துவக்குகளில் அது இடப்பக்கம்.

அப்படியான பழைய துவக்குகளுக்கு உலகம் என்ன பெறுமதி வைக்கிறது என்பதை 2023 கடைசியில் நாம் எல்லோரும் பார்த்தோம். நெதர்லாந்தின் றைக்ஸ் அருங்காட்சியகம் ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. பத்திரிகைகள் எல்லாம் லெவ்கே திசாவையின் அலங்காரப் பீரங்கியைப் பற்றித்தான் எழுதின. அதோடு ‘மஹ துவக்கு’ எனப்படும் கனமான இரண்டு துவக்குகளும் வந்தன. 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது போனவை அவை. அந்தப் போரின் முடிவில் 1766இல் எழுதப்பட்ட உடன்படிக்கையில்தான் புத்தளக் கரை உட்படத் தீவின் முழுக் கரையோரமும் கண்டி மன்னரின் கையை விட்டு ஒல்லாந்தரிடம் போனது. அதற்கு முன்னர் கற்பிட்டி அவர்களுடைய கோட்டை, புத்தளம் கண்டியின் துறை. ஆக அந்த இரண்டு துவக்குகளின் கதையில் எமது கரைக்கும் ஒரு வரி உண்டு.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவை கண்டியிலிருந்து போனவைதாம் என்று அருங்காட்சியகம் ஒப்புக்கொண்டது வெள்ளி வேலைப்பாட்டை மட்டும் பார்த்து அல்ல. இலங்கை ஆய்வாளர்களும் ஒல்லாந்த ஆய்வாளர்களும் சேர்ந்து பழைய ஆவணங்களைத் தேடி, எந்தப் பொருள் எப்போது யாருடைய கைக்குப் போனது என்று தொடர்ந்து பார்த்தார்கள். பொருளோடு கடதாசியும் சேர்ந்தபோதுதான் அதன் பெறுமதி உறுதியானது. அலுமாரிக்குப் பின்னால் நிற்கும் இரட்டைக்குழலுக்கும் இதே கணக்குத்தான்.

இப்போது அந்த இரட்டைக்குழல் எப்படி இங்கே வந்தது என்று பார்ப்போம். பிரித்தானியர் காலத்து வெள்ளைக்காரருக்கு இந்தத் தீவு ஒரு வேட்டைக் காடு. மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். சாமுவேல் பேக்கர் தனது வேட்டையைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். எமக்கு வடக்கே இருந்த மாகாணத்தில் 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்குள் 3,500 யானைகள் வரை கொல்லப்பட்டன என்று எமர்சன் ரெனன்ற் எழுதி வைத்திருக்கிறார். அரசாங்கமே ஒவ்வொரு யானைக்கும் வெகுமதி கொடுத்த காலம் அது. ஒரு வெடி தவறினால் அடுத்த வெடி உடனே வேண்டும், அதற்குத்தான் இரண்டு குழல்.

அந்தக் காலத்தில் வாய்வழியாக மருந்து கிடித்துச் சுட வேண்டும். பின்பக்கம் மடித்துத் திறந்து தோட்டா போடும் துவக்கை லெஃபோஷூ என்ற பிரெஞ்சுக்காரர் 1851 லண்டன் மகா கண்காட்சியில் வைத்த பிறகுதான் இங்கிலாந்துக் கம்மாளர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். 1875இல் வெஸ்ற்லி றிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த அன்சன், டீலி என்ற இருவர், குதிரை வெளியே தெரியாமல் பொறி முழுவதும் பெட்டிக்குள் அடங்கும் அமைப்பைச் செய்தார்கள். இன்று எமது ஊரில் மிஞ்சியிருக்கும் இரட்டைக்குழல்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான்: வெளியே இரண்டு குதிரை நிற்பவை, குதிரை தெரியாதவை. குதிரை நின்றால் மிகப் பழையது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். மலிவு விலைக் குதிரைத் துவக்குகளை இருபதாம் நூற்றாண்டிலும் செய்து வித்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரரிடமிருந்து அது தென்னந்தோட்ட முதலாளிமாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் இறங்கி வந்தது. வில்பத்து 1905இல் சரணாலயமானது, 1938இல் தேசிய வனமானது. இடையில் 1937இன் 2ஆம் இலக்க வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதோடு வேட்டைப் பெருமை மெல்ல மெல்லக் கதையாகிவிட்டது. சுட்டது உயிரோடு இருக்கும்போதே ஓடிப்போய் அறுத்தாக வேண்டும் என்பதால், எமது பெரியவர்கள் சொல்லும் மான் வேட்டைக் கதைகளில் சுட்டவரைவிடக் கத்தியோடு ஓடியவர்தான் கதாநாயகன்! இன்று அந்தக் கதைகளைச் சொல்லலாம், செய்ய முடியாது. துவக்கு வீட்டில் இருப்பதற்கு மிஞ்சியிருக்கும் காரணம் பயிர்க் காவல்தான். வயலில் காட்டுப்பன்றி, தென்னையில் குரங்கும் மர அணிலும்.

சரி, துவக்குக்கு வருவோம். பார்க்குமுன் மடித்துத் திறந்து, இரண்டு குழலும் வெறுமையா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ‘நாற்பது வருடமாக யாரும் தொடாத’ துவக்குக்குள் தோட்டா இருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாங்க வருபவர் முதலில் பார்ப்பது மேலே, இரண்டு குழல்களையும் இணைக்கும் பட்டியில் வெட்டியிருக்கும் பெயரை. அங்கேதான் ஏமாற்றுத் தொடங்குகிறது. ஜோசப் மான்ரன் என்பவர் லண்டனின் பெயர்பெற்ற கம்மாளர், 1835இல் இறந்துபோனார். அவர் இறந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு பெல்ஜியத்தில் செய்த மலிவுத் துவக்குகளில் ‘மான்ரன்’ என்று வெட்டி விற்றார்கள். வெஸ்ற்லி றிச்சர்ட்ஸ் பிரபலமானபோது வெறும் ‘டபிள்யூ. றிச்சர்ட்ஸ்’ என்று போட்டு விற்றார்கள். ‘மூர்’, ‘பார்க்கர்’ என்றெல்லாமும் உண்டு. புறக்கோட்டையில் விற்கும் கைக்கடிகாரத்தில் ஓர் எழுத்து மாறியிருக்குமே, அதே வியாபாரம்தான். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னரே அதைச் செய்திருக்கிறார்கள்.

பெயர் பொய்யில்லாத இடத்திலும் அது செய்தவரின் பெயராக இருக்க வேண்டும் என்றில்லை. பேர்மிங்ஹாமில் துவக்குக்காரர் குடியிருந்த ஒரு பகுதியே இருந்தது. குழல் ஒருவர், பொறி ஒருவர், சோங்கு இன்னொருவர் என்று ஆள் ஆளாக வேலை பிரிந்திருந்தது. சேர்த்துப் பூட்டியவர் ஒருவர், பெயர் வெட்டி விற்றவர் வேறொருவர். லண்டனில் ஆமி அன்ட் நேவி என்ற பெரிய கடை, கல்கத்தாவில் மான்ரன், ரொடா போன்ற கடைகள், சென்னையில் கைக்கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஓர் அன்ட் சன்ஸ் எல்லாம் தங்கள் பெயரில் துவக்கு விற்றன. ஆகவே மேற்பட்டியிலுள்ள பெயரை வைத்து விலை பேசுவது, மட்டையைப் பார்த்துப் புத்தகத்துக்குப் புள்ளி போடுவது போலத்தான்.

உண்மை எழுதியிருப்பது கீழே. முன்கட்டையைக் கழற்றினால் குழல்கள் தனியாக வந்துவிடும். அவற்றைத் திருப்பினால் தோட்டா போடும் பக்கத்தில் தட்டையான அடிப்பகுதி இருக்கும். சோங்கும் முன்கட்டையும் மூடி மறைத்த இடம் என்பதால் அங்கே வெட்டியவை பெரும்பாலும் தேயாமல் இருக்கும். சிறு சிறு முத்திரைகள். கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அவை பரீட்சைச் சான்றிதழ்கள். ஒரு குழலை விற்குமுன், வழமையைவிடக் கூடுதலான மருந்து போட்டு வெடித்துப் பார்க்க வேண்டும், வெடிக்காமல் தாங்கினால்தான் முத்திரை. லண்டனில் துவக்குக் கம்மாளர் சங்கம் 1637இலிருந்து இந்த வேலையைப் பார்த்தது. பேர்மிங்ஹாமின் சோதனை நிலையம் 1813இல் சட்டத்தால் அமைந்தது. பேர்மிங்ஹாம் முத்திரை 1904 வரை பெரும்பாலும் ஒரு முடியும், குறுக்காக வைத்த இரண்டு செங்கோலும். 1904க்குப் பிறகு முடியின் கீழ் பீ, பீ என்றும் பீ, வீ என்றும் எழுத்துகள். முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ, எல், ஜீ என்ற மூன்று எழுத்து இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனை நிலையம். அந்த முட்டைக்கு மேல் ஒரு முடியும் இருந்தால் 1893க்குப் பிந்தியது. மேலே லண்டன் பெயர், கீழே லியேஜ் முத்திரை என்றால் இங்கிலாந்துத் துவக்கு என்ற பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பெல்ஜியத் துவக்கு என்றால் குப்பை என்று அர்த்தமில்லை, லியேஜில் மிக உயர்ந்த வேலையும் நடந்தது. ஆனால் பொய்ப் பெயரோடு வந்ததில் அந்த உயர்ந்த வேலை இருக்க வாய்ப்புக் குறைவு.

சில குழல்களில் ஆங்கிலத்தில் ‘உருண்டைக்கு அல்ல’ என்ற பொருளில் மூன்று சொற்கள் வெட்டியிருக்கும். குழல் வாயைச் சற்று ஒடுக்கிச் சன்னம் சிதறாமல் போகச் செய்யும் முறை புதிதாக வந்தபோது, அப்படியான குழலில் தனி ஈய உருண்டையைப் போட்டுச் சுடாதீர்கள் என்று கொடுத்த எச்சரிக்கை அது. 1875 தொடக்கம் 1887 வரைதான் அதை வெட்டினார்கள். இந்தச் சொற்கள் இருந்தால் பன்னிரண்டு வருட இடைவெளிக்குள் வயதைச் சொல்லிவிடலாம். மேற்பட்டியின் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இவ்வளவு துல்லியமாகப் பேசாது.

இலக்கங்களும் இருக்கும். 12, அல்லது 13. ‘பன்னிரண்டு போர்’ என்று எல்லோரும் சொல்கிறோம், அந்தப் பன்னிரண்டு என்ன? அங்குலமும் அல்ல, மில்லிமீற்றரும் அல்ல. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால், ஓர் உருண்டை சரியாகப் போகும் குழல் அது. தரம் பதினொன்று பிள்ளைகளுக்கு நாம் இதைக் கணக்காகக் கொடுப்பதுண்டு. ஓர் இறாத்தல் 453.6 கிராம், பன்னிரண்டால் பிரித்தால் 37.8. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம். கனவளவு கண்டு கோளத்தின் சூத்திரத்தில் போட்டால் விட்டம் 18.5 மில்லிமீற்றர் வரும். சரியான விடை. (இலக்கம் கூடினால் குழல் ஒடுங்கும் என்பதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போதும். பெரியவர்களோடு நாம் அரை மணித்தியாலம் வாதாடியிருக்கிறோம்.)

இந்த இலக்கத்தில் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. முத்திரை 13 என்றால், சோதனைக்குப் போனபோது அந்தக் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18 மில்லிமீற்றர். இன்று அளந்தால் 18.5 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அரை மில்லிமீற்றர் இரும்பு எங்கே போனது? துருப்பிடித்த குழிகளை மறைக்க யாரோ உள்ளே கடைந்து பளபளப்பாக்கியிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி. ஆனால் பரீட்சை எழுதிய குழல் இதுவல்ல, இதைவிட மெலிந்த ஒன்று. கால் மில்லிமீற்றர் கூடினாலே இங்கிலாந்தில் மறுபடி சோதனைக்கு அனுப்பச் சொல்வார்கள். ‘உள்ளே சுத்தமாக இருக்கிறது’ என்ற பேச்சைக் கேட்டவுடன் அளந்து பார்க்க வேண்டியதன் காரணம் இதுதான்.

அடுத்தது ‘டமஸ்கஸ்’. குழலின் மேல் பாய் பின்னியது போல, அல்லது நீர் அலைபோலக் கோலம் தெரியும். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் மனம் இளகிவிடும், எமக்கும்தான். இரும்புக் கம்பியையும் உருக்குக் கம்பியையும் சேர்த்துக் கயிறு மாதிரி முறுக்கி, இரண்டு மூன்று முறுக்கைப் பக்கத்தில் வைத்துப் பட்டையாக்கி, அந்தப் பட்டையை ஒரு கோலைச் சுற்றிச் சுருளாகச் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டிய குழல் அது. லியேஜுக்குப் பக்கத்து நெசொன்வோ என்ற ஊரே இந்த வேலைக்குப் பெயர் போனது. பெயரில் டமஸ்கஸ் இருந்தாலும் பழைய டமஸ்கஸ் வாளின் உருக்கு வேறு வகை. அது மூசையில் வைத்து உருக்கிய உருக்கு, தென்னிந்தியாவும் இலங்கையும் அதற்குப் பெயர் பெற்றவை. எமது தீவில் சமனலவெவப் பக்கம் மலைச்சரிவில் தென்மேல் காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அதை அகழ்ந்து 1996இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் போகும் விசயம், பிள்ளைகளுக்கு விரித்துச் சொல்லுங்கள்.

டமஸ்கஸ் குழல் அழகு என்பதற்காகப் பலவீனம் என்று சொல்ல மாட்டோம். நல்ல ஆங்கில வேலை அக்காலச் சோதனைகளில் உருக்குக் குழலுக்குச் சமமாகவே நின்றது. பிரச்சினை வேறு. அது பிறந்தது கருமருந்துக் காலத்தில். பிறகு புகையில்லா மருந்து வந்தது, அதன் அழுத்தம் வேறு மாதிரி. அதனால் தனிச் சோதனை, தனி முத்திரை: என், பீ என்ற எழுத்துகள். பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னால், கருமருந்து முத்திரை சாதாரண தரம், புகையில்லா மருந்து முத்திரை உயர்தரம். சாதாரண தரம் மட்டும் சித்தியடைந்த குழலுக்கு இன்றைய கடைத் தோட்டாவைக் கொடுப்பது, படிக்காத பரீட்சைக்கு அனுப்புவது. பிள்ளை தோற்றால் மறுபடி எழுதலாம். குழல் தோற்றால் முன்கட்டையைப் பிடித்திருக்கும் இடக்கை போகும். ஆயிரக்கணக்கான ஒட்டுகளில் எந்த ஒட்டுக்குள் துரு போயிருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதிலும் உப்பளக் காற்றடிக்கும் எமது ஊரில் நூறு வருடம் நின்ற குழல் அது.

தோட்டாவின் நீளத்தையும் பாருங்கள். பழைய பன்னிரண்டு போர் துவக்குகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலத் தோட்டாவுக்காகச் செய்தவை, அதாவது 65 மில்லிமீற்றர். இப்போது பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீற்றர். அது உள்ளே போகும், துவக்கும் பூட்டும். எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் குழல் ஒடுங்கும் இடத்தில் அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். ‘போகுது, பூட்டுது, அப்ப சரிதானே’ என்ற நியாயம் இங்கே செல்லாது.

மற்றவை கையாலும் காதாலும் பார்ப்பவை. கழற்றிய குழல்களைக் கொளுக்கிப் பக்கத்தில் ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். மணிபோல இழுத்து ஒலித்தால் நல்லது. உடைந்த பானைச் சத்தம் வந்தால் குழல்களை இணைக்கும் பற்றாசு எங்கோ விட்டிருக்கிறது, அல்லது வெடிப்பு இருக்கிறது. வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்த்தால் உள்ளே வட்ட வட்டமாக ஒளி தெரிய வேண்டும். வட்டம் எங்காவது நெளிந்தால் அங்கே நசுங்கல், அல்லது வீக்கம். நசுங்கலைத் திருத்தலாம், வீக்கம் மோசம். முன்கட்டை இல்லாமல் துவக்கைப் பூட்டி, சோங்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகட என்றால் கீல் தேய்ந்துவிட்டது. சோங்கின் கழுத்தில் பித்தளைத் தகடு அடித்திருந்தால் அது அலங்காரம் அல்ல, உடைந்ததை ஒட்டியது. சிலர் பாதுகாப்பு என்று பொறிக்குள் தேங்காயெண்ணெய் விட்டு வைத்திருப்பார்கள். அது பிசுக்காகிப் புழுதியைப் பிடித்து, விசையே அசையாமல் நிற்கும்.

விற்க நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து மண்தாள் போடாதீர்கள். மினுக்கினால் விலை கூடும் என்று நினைத்து, முத்திரையையும் இலக்கத்தையும் வேலைப்பாட்டையும் சேர்த்துத் தேய்த்துவிட்ட துவக்குகளைக் கண்டிருக்கிறோம். பிறகு அது வெறும் இரும்புக் குழாய்.

இனிக் கடதாசி. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் முதலில் எழுதினால் யாரும் மிச்சத்தை வாசிக்க மாட்டீர்கள்.

இந்த நாட்டில் துவக்குகளுக்கான அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். திருத்தங்களோடு இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வருடா வருடம் புதுப்பிக்கும் லைசன் வேண்டும். யூடியூப்பில் வெளிநாட்டுக்காரர் பேசுவதைக் கேட்டுவிட்டு ‘பழங்காலத் துவக்குக்கு லைசன் தேவையில்லைதானே’ என்று கேட்கும் தம்பிமார் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1898 வரை செய்தவற்றுக்கு அப்படி ஒரு சலுகை உண்டு. இங்கே வாய்வழி மருந்து கிடிக்கும் ஊர்த் துவக்குக்கும் லைசன் வேண்டும். வயது அதிகம் என்பதற்காகச் சட்டம் கண்ணை மூடாது.

லைசன்காரர் மௌத்தானால் லைசன் பிள்ளைகளுக்குக் காணிபோல வந்து சேராது. துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு, வாரிசுகளில் ஒருவர் தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். பயிர்க் காவலுக்கு என்றால் காணியும் பயிரும் காட்ட வேண்டும். விற்பதும் கைமாற்றுவதும் உரிய அனுமதி முன்கூட்டியே எடுத்த பிறகுதான். ஐந்து பிள்ளைகளில் ஒருவர் பெயருக்குத்தான் மாற்றலாம், மற்ற நால்வருக்கும் அதன் பங்கு என்ன என்று வீட்டில் சண்டை வரும். சண்டை பிடிக்கும் அளவுக்கு அதற்கு விலை இல்லை என்று தெரிந்தால் பாதிச் சண்டை அடங்கும்.

லைசனில் எழுதியிருக்கும் இலக்கம், குழலின் அடியிலுள்ள இலக்கம், பூட்டுப் பகுதியிலுள்ள இலக்கம், முன்கட்டையிலுள்ள இலக்கம் நான்கையும் ஒப்பிடுங்கள். குழல் வேறு, உடல் வேறு என்றால் இரண்டு துவக்கைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். பெறுமதி விழும். லைசனோடும் பொருந்தாவிட்டால் பெறுமதியைப் பற்றிப் பேசவே வேண்டாம், அந்த இடத்தை விட்டு எழும்புங்கள்.

கடதாசி ஏன் இவ்வளவு அரிது என்று கேட்டால், அதுவும் வரலாறுதான். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இளைஞர்களின் கையில் இருந்த ஆயுதங்களில் சொட்கன்னும் ஒன்று. 1987 முதல் 1989 வரையான காலத்தில் தெற்கில் இரவில் கதவைத் தட்டிக் கேட்டது இந்த வீட்டுத் துவக்குகளைத்தான். வடக்கில் இயக்கங்களும் தொடக்கத்தில் லைசன் துவக்குகளையே வீடு வீடாக எடுத்தன. துவக்கு வீட்டில் இருப்பது பெருமை என்ற நிலை போய், உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தது. பலர் தாமாகவே ஒப்படைத்தார்கள். சிலர் புதைத்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எமது சனங்கள் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியபோது, யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்திருந்தது இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து தோணியில் வந்தவர்களிடம் நிக்காஹ் பதிவும் காணி உறுதியும்கூட இருக்கவில்லை. எந்த வீட்டிலாவது மூத்தாப்பாவின் துவக்கும் அதன் லைசன் கடதாசிகளும் ஒன்றாகத் தப்பியிருந்தால், அது இத்தனையையும் தாண்டி வந்தது என்று அர்த்தம்.

ஆகப் பெறுமதி என்ன? இலக்கம் பொருந்தி, லைசன் சரியாக இருந்து, முத்திரை தெளிவாக இருந்து, குழல் தடித்திருந்தால் ஒரு விவசாயிக்கு அது நியாயமான விலைக்கு உகந்த கருவி. லட்சக்கணக்கான கனவு வேண்டாம். இங்கிலாந்திலேயே பெயரில்லாத சாதாரணப் பழைய இரட்டைக்குழல்களைக் கேட்க ஆளில்லை, மிக மலிவாகப் போகின்றன. பெரிய விலை கிடைப்பது பேர்டி, ஹொலன்ட் போன்ற ஒரு சில பெயர்களுக்கு, அதுவும் இலக்கத்தை வைத்துக் கம்பனிப் பதிவேட்டில் உறுதிப்படுத்திய பிறகு. அப்படியொன்று எமது ஊர் அலுமாரிக்குப் பின்னால் இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை, கீழே திருப்பிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்கிறோம். டமஸ்கஸ் குழலாக இருந்தால் அதைச் சுடுவதற்காக வாங்கவே வேண்டாம். லைசன் இல்லை என்றால் அதன் விலை பூச்சியம்கூட இல்லை, வழக்குச் செலவும் மறியலும் அதற்கு மேல்.

கடைசியாக, லைசன் காலாவதியான துவக்கு வீட்டில் இருக்கிறது, என்ன செய்வது என்று உள்பெட்டியில் கேட்பவர்களுக்கு: ஒளிக்கவோ புதைக்கவோ விற்கவோ போகாமல் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். அவருடைய ஆலோசனையோடு, பழைய லைசன் ஒன்றாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஒப்படையுங்கள், பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைக்குமுன் குழலின் அடியிலுள்ள முத்திரைகளையும் இலக்கங்களையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். பழைய லைசன் கடதாசிகளின் பிரதியும் வேண்டும். அவற்றில் கச்சேரி முத்திரை, விதானையாரின் கையெழுத்து, ஊரின் பழைய பெயர், மூத்தாப்பாவின் தொழில் எல்லாம் இருக்கக்கூடும். துவக்கு போனாலும் அந்தக் கடதாசி உங்கள் வீட்டில் இருக்கட்டும். பிரதி ஒன்றை எமக்கும் அனுப்பினால், முகவரியை மறைத்துவிட்டு வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.